மைதானத்தில் மாமாவின் குரல்

எங்கள் எக்ஸ்ரே அறைக்கு வருகிற ரக்பி வீரர்களில் ஒருவருக்கு நான் பீரோ என்று பெயர் வைத்திருந்தேன். கதவைத் திறந்தால் அவர் ஒருக்களித்துத்தான் உள்ளே வருவார். நேராக வந்தால் இரண்டு தோளும் நிலையில் இடிக்கும். வீடு மாற்றும்போது பீரோவைச் சாய்த்து, திருப்பி, மூச்சுப் பிடித்து உள்ளே நுழைப்பார்களே, அதே மாதிரி. அவருடைய நிஜப் பெயரை இப்போது யோசித்துப் பார்க்கிறேன், வரவில்லை. பீரோ என்றதும் அந்தச் சப்பை மூக்கும், பிளாஸ்திரி சுற்றிய காதும், "வலிக்குதா?" என்று கேட்டால் சின்னப் பிள்ளை மாதிரி இல்லையென்று தலையாட்டுவதும் உடனே வந்துவிடுகிறது.

கல்யாணமாகிப் பல வருஷம் மாமியார் வீட்டில் இருந்துவிட்டு, அந்தக் குளிர் நாட்டுக்கு நாங்கள் போய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. எனக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. கணவர் குளிர்பதன மெக்கானிக். ஐஸ்கிரீம் கிடங்கு, இறைச்சிக் கிடங்கு, பூக்கடை என்று எங்கே குளிர் குறைந்தாலும் அவருக்கு போன் வரும். "வெளியில இவ்வளவு குளிருது, கதவைத் திறந்து வெச்சா போதாதா? எதுக்கு உங்களைக் கூப்பிடறாங்க?" என்று நான் கிண்டல் செய்வேன். அவருக்கு அந்த நகைச்சுவை பிடிக்காது. வேலையைப் பற்றிப் பேசினால் முகம் இறுகிவிடும்.

பீரோவின் உடம்பை அவரைவிட நான் நன்றாக அறிவேன் என்றே சொல்லலாம். எந்த விலா எலும்பு விரிசல் விட்டுக் கூடியது, சுண்டுவிரல் எங்கே கோணியது, இடது தோளில் தகடு வைத்து எப்படித் திருகியிருக்கிறார்கள், எல்லாம் படத்தில் பார்த்திருக்கிறேன். இதெல்லாம் உடைகிற ஆட்டத்தைத்தான் பார்த்ததில்லை. ஒரு நாள் அவரிடமே கேட்டேன்.

"எதுக்காக இப்படி உடைச்சுக்கறீங்க?"

சட்டையை மாட்டிக்கொண்டே யோசித்தார். "வந்து பாருங்க. பார்த்துட்டு நீங்களே எனக்குச் சொல்லுங்க."

சும்மா சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த முறை விரல் வீங்கி வந்தவர், வீங்காத கையால் இரண்டு டிக்கெட்டை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

அப்போது மாமா எங்கள் வீட்டில் இருந்தார். என் மாமனார். அத்தை தவறிப்போன பிறகு தனியாக இருக்க வேண்டாம் என்று கணவர் போய்க் கூட்டி வந்திருந்தார். மாமா தன் வேலைக்காலம் முழுக்க பஸ் ஸ்டாண்டில் மைக்கில் அறிவிப்புச் செய்தவர். எந்த பஸ் எங்கே நிற்கிறது, எது கிளம்பப் போகிறது, யாருடைய குழந்தை காணாமல் போய் ஆபீஸ் அறையில் பிஸ்கட் தின்றுகொண்டிருக்கிறது, எல்லாம் அவர் சொல்லித்தான் ஊருக்குத் தெரியும். கடைத்தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மைக் சார்தான். நான் மருமகளாகப் போன புதிதில், வீட்டுக்குள் அவர் "உப்பு" என்று கேட்டால்கூடப் பக்கத்து வீட்டில் உப்பை எடுத்துக் கொடுத்துவிடுவார்களோ என்று தோன்றும். அப்படி ஒரு கணீர்க் குரல்.

அந்தக் குரலை அத்தையோடு அனுப்பிவிட்டு வந்தவர் மாதிரி இருந்தார் மாமா.

"சாப்பிடறீங்களா மாமா?"

"ம்."

"இன்னும் கொஞ்சம் போடட்டுமா?"

"போதும்மா."

அவ்வளவுதான் ஒரு நாளைக்கு. விடியும் முன்பே எழுந்து, முன்னறை சோபாவில் படுத்த அடையாளமே தெரியாமல் போர்வையை மடித்து வைத்துவிடுவார். தன் தட்டைத் தானே கழுவி, கழுவிய இடத்தையும் துடைத்துவிடுவார். பிறகு ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டு, கீழே தெருமுனையில் வந்து நின்று போகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். நான் வேலை முடிந்து வரும்போதும் அதே நாற்காலி, அதே உட்கார்வு. கணவர் எதையாவது பேச வைக்கப் பார்ப்பார். "அப்பா, ஊர்ல இப்ப மழையாமே?" "ஆமாம்ப்பா." அங்கேயே முடிந்துவிடும். அப்பாவும் மகனும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் டிவியைப் பார்ப்பார்கள். டிவியில் ஓடுவது இரண்டு பேருக்குமே புரியாது.

எனக்கும் அவருக்கும் இடையில் மரியாதை இருந்தது. அதைத் தாண்டி ஒன்றும் இல்லை. அவர் இருக்கிற அறையில் நான் உட்கார மாட்டேன். நிற்பேன், அல்லது வேலை இருக்கிற மாதிரி அடுப்படிக்குப் போய்விடுவேன். அவரும் நான் வந்தால் செய்தித்தாளை உயர்த்திக்கொள்வார். அத்தை இருந்தவரை எங்கள் பேச்செல்லாம் அத்தை வழியாகத்தான். "உங்க மாமாவுக்குக் காபி வேணுமாம்", "அவகிட்ட சொல்லு, சர்க்கரை கம்மியா". இரண்டு பேரும் ஒரே அறையில் இருக்கும்போதே இப்படி.

ஆட்டத்துக்கு நானும் கணவரும் போவதாகத்தான் இருந்தது. சனிக்கிழமை காலை அவர் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. மீன் கிடங்கில் மெஷின் நின்றுவிட்டதாம்.

"போகலேன்னா அத்தனை மீனும் நாறிப்போயிடும்" என்றார். கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றவர், திடீரென்று குரலைத் தாழ்த்தி, "நீ அப்பாவைக் கூட்டிட்டுப் போயேன்" என்றார்.

"நானும் மாமாவுமா? என்ன விளையாடறீங்களா?"

"விளையாட்டுக்குத்தானே போகச் சொல்றேன்."

"அங்க போய் ரெண்டு பேரும் என்ன பேசறது?"

"இங்க மட்டும் என்ன பேசறீங்க? அங்கேயும் பேசாம உட்கார்ந்துட்டு வாங்க. காத்தாவது படும்" என்று சொல்லிவிட்டு மாடிப்படியில் இறங்கிவிட்டார்.

மாமாவிடம் போய் நின்றேன். விஷயத்தைச் சொன்னேன். அவர் ஜன்னலிலிருந்து கண்ணை எடுக்காமல், "எனக்கெதுக்கும்மா இதெல்லாம்? உன் சிநேகிதி யாரையாவது கூட்டிட்டுப் போ" என்றார்.

"இனிமே யாரைப் பிடிக்கறது மாமா? ஒரு டிக்கெட் வீணாப் போயிடும்."

வீணாய்ப் போவது என்றால் மாமாவுக்கு ஆகாது. சோப்புத் துண்டு தேய்ந்தால் புதுச் சோப்போடு ஒட்டி வைப்பவர். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து, கணவருடைய கனமான கோட்டைப் போட்டுக்கொண்டு, காதை மறைத்து மப்ளர் சுற்றிக்கொண்டு வந்து நின்றார். கோட்டுக் கை விரல் நுனிவரை இறங்கியிருந்தது.

மைதானம் வரை பஸ்ஸில் ஒரு வார்த்தை இல்லை. ஒரே நிறத்தில் தொப்பியும் மப்ளரும் போட்ட ஜனங்கள் ஏறிக்கொண்டே இருந்தார்கள். இறங்கியதும் கூட்டம் எங்களைத் தள்ளிக்கொண்டு போனது. மாமா தொலைந்துவிடுவாரோ என்று நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். நான் தொலைந்துவிடுவேனோ என்று அவர் என் கைப்பையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

எங்கள் இருக்கைகள் நடு வரிசையில், ஒன்றோடொன்று ஒட்டி இருந்தன. கைப்பிடி கிடையாது. நான் தயங்கி நின்றேன். பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொல்லிச் சைகை காட்டினார்கள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அன்றுதான் மாமாவின் பக்கத்தில், தோளோடு தோள் படுகிற மாதிரி உட்கார்ந்தேன். முடிந்தவரை என்னைச் சுருக்கிக்கொண்டேன். அவரும் அந்தப் பக்கம் இருந்த ஆள் மேல் சாய்கிற அளவுக்கு ஒதுங்கினார்.

முதலில் ஒலிபெருக்கிதான் மாமாவை எழுப்பியது. ஆட்டக்காரர்களின் பெயர்களை ஒருவர் கொழகொழவென்று சொல்லிக்கொண்டிருந்தார். மாமாவின் நெற்றி சுருங்கியது.

"மைக்கை வாய்க்குள்ள போட்டுக்கிட்டுப் பேசறான்" என்றார்.

என்னிடம்தான் சொன்னாரா, தனக்குத் தானேவா என்று தெரியவில்லை. "என்ன மாமா?" என்றேன்.

"ஒரு சாண் தள்ளிப் பிடிக்கணும்மா. சொல்லி முடிச்சதும் ஒரு மூச்சு விடணும். இல்லேன்னா போன வார்த்தையும் வர்ற வார்த்தையும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறிக்கும்."

எங்கள் வீட்டுக்கு வந்தபின் அவர் பேசிய மிக நீளமான பேச்சு அது.

இரண்டு அணிகளும் ஓடி வந்தன. எங்களுக்கு முன்னாலேயே, கால் சத்தம் நெஞ்சில் விழுகிற தூரத்தில். எக்ஸ்ரே அறையில் பலகை மேல் அடங்கிப் படுத்திருக்கிற பீரோ அங்கே முழங்காலை உயர்த்தி உயர்த்திக் குதித்துக்கொண்டிருந்தார். "அவர்தான் மாமா டிக்கெட் கொடுத்தவர்" என்று காட்டினேன். "பீரோன்னு பேர் வெச்சிருக்கேன்."

மாமா ஒரு கணம் என்னைப் பார்த்தார். மருமகள் இப்படியெல்லாம் பேசுவாள் என்று அவர் நினைத்திருக்கவில்லை போலும். பிறகு பீரோவைப் பார்த்தார். "ரெண்டு கதவு பீரோ" என்றார்.

ஆட்டம் தொடங்கியது. எங்கள் இருவருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பந்து உருண்டையாக இல்லை, ஏதோ மிதிபட்ட பூசணிப் பிஞ்சு மாதிரி இருந்தது. கீழே விழுந்தால் எந்தப் பக்கம் துள்ளும் என்று அதற்கே தெரியாது. முன்னால் ஓட வேண்டும், ஆனால் கையால் போடுவது பின்னால் இருப்பவனுக்குத்தான். யார் கையில் பந்து இருந்தாலும் அவன் மேல் நாலு பேர் விழுகிறார்கள். விழுந்தவர்கள் மேல் இன்னும் நாலு பேர். திடீரென்று விசில். எல்லோரும் எழுந்து, இரண்டு பக்கமும் தோளைக் கோத்துக் குனிந்து, மாடுகள் மாதிரி முட்டிக்கொண்டு நிற்கிறார்கள். அந்தக் குவியலிலிருந்து வெள்ளைப் புகை மாதிரி ஆவி கிளம்பியது.

"இது என்னம்மா?" என்றார் மாமா.

"தெரியலை மாமா. சண்டை இல்லேன்னு மட்டும் தெரியுது."

அவர் சற்று நேரம் கவனித்தார். பிறகு சாவகாசமாக, "பஸ் கிளம்பலேன்னா எல்லாரும் இறங்கித் தள்ளுவாங்க இல்ல? அதுதான். ரெண்டு பக்கத்திலேருந்தும் தள்றாங்க, அதான் நகர மாட்டேங்குது" என்றார்.

எனக்குச் சிரிப்பு பீறிட்டு வந்தது. மாமனார் முன்னால் சிரிக்கக் கூடாதென்று உதட்டைக் கடித்தேன். தோள் குலுங்கியதை அவர் பார்த்துவிட்டார். அதுதான் அவரை உசுப்பிவிட்டது என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு மாமா நிறுத்தவில்லை.

"பந்து இப்ப நம்ம ஆள்கிட்ட. ஓடறான், ஓடறான், வழியில ரெண்டு பேர் ஏறிட்டாங்க. ஓவர்லோடு! வண்டி சாஞ்சுடுச்சு. பின்னால கொடுக்கறான். எதுக்குப் பின்னால கொடுக்கறான்? சில்லறை வாங்க மறந்துட்டு இறங்கிட்டவனைக் கூப்பிட்டுக் குடுக்கற கண்டக்டர் மாதிரி. அட, அவன் வாங்கிட்டுப் போறான் பாரு! குட்டையா இருக்கான், இடுக்குல புகுந்து போறான். மினி பஸ்."

முதலில் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. பிறகு முன் வரிசைக்கும். பிறகு பழைய குரல், மடை திறந்த மாதிரி. ஒருவரைப் பக்கவாட்டில் இருவர் தூக்கிப் பிடிக்க, அவர் அந்தரத்தில் பந்தைப் பிடித்தபோது மாமா, "மேல் பர்த்து!" என்று கத்தினார். எங்களுக்குப் பின்னால் கம்பளித் தொப்பி போட்ட ஓர் அம்மாள் இருந்தாள். கன்னம் சிவந்த, பெரிய உடம்புக்காரி. அவள் குனிந்து என்னிடம், "இவர் என்ன சொல்றார்?" என்று கேட்டாள். நான் முடிந்தவரை சொன்னேன். அவள் தன் பக்கத்திலிருந்தவரிடம் சொன்னாள். அவர் அடுத்தவரிடம். மாமா ஒரு வார்த்தை சொல்வார், அது வரிசையில் கைமாறிப் போகும், கொஞ்ச நேரம் கழித்து அந்தக் கோடியில் ஒரு சிரிப்புச் சத்தம் கேட்கும்.

அப்போதுதான் அந்தக் காரியம் நடந்தது. பீரோவின் அணிக்காரர் ஒருவர் பந்தைத் தரையில் நிறுத்தி வைத்து, கம்பங்களுக்கு நடுவே உதைப்பதற்காகப் பின்னால் நடந்தார். உதைக்கிறவருக்காக அங்கே எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள் என்பது எங்களுக்குத் தெரியாது. அத்தனை ஆயிரம் பேரும் ஒரே மூச்சில் அடங்கினார்கள். குழந்தைகூட அழவில்லை. அந்த நிசப்தத்தில் மாமா, தன் வேலைக்காலம் முழுவதும் பழகிய குரலில், ஒவ்வொரு எழுத்தையும் தனித்தனியாக, ஒரு சாண் தள்ளி மைக் இருக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அறிவித்தார்.

"பந்து... புறப்படத் தயாராக உள்ளது!"

மைதானம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்கு இருக்கைக்கு அடியில் புகுந்துகொள்ளலாமா என்றிருந்தது. உதைக்க நின்றவர் நிமிர்ந்து, சத்தம் வந்த திசையில் தேடினார். மாமா வெலவெலத்துப் போய், மப்ளரை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். "தெரியாம சொல்லிட்டேம்மா. தெரியாம வந்துடுச்சு" என்று மப்ளருக்குள் முணுமுணுத்தார்.

உதைக்கிறவர் ஒரு முறை தோளைக் குலுக்கிக்கொண்டு, ஓடி வந்து உதைத்தார். பந்து உயர்ந்து, காற்றில் சற்று ஒதுங்கி, இரண்டு கம்பங்களுக்கும் நடுவே போய் விழுந்தது.

கூட்டம் எழும்பியது. கம்பளித் தொப்பி அம்மாள் மாமாவின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள். எதிர்பார்க்காத அடி. மாமா முன்னால் சாய்ந்து சமாளித்தார். அவள் தன் பிளாஸ்க்கிலிருந்து சுடச்சுட டீ ஊற்றி அவர் கையில் திணித்தாள். மாமா என்னைப் பார்த்தார், டீயைப் பார்த்தார், குடித்தார். அதற்குப் பிறகு யாராவது உதைக்க வந்தால், அந்த வரிசை முழுக்கத் திரும்பி மாமாவைப் பார்த்து உதட்டில் விரலை வைக்கும். மாமாவும் வைப்பார். உதைத்து முடித்ததும் எல்லோரும் சிரிப்பார்கள்.

இடைவேளைக்குப் பிறகு மழை தூறத் தொடங்கியது. பந்து வழுக்கியது. பீரோ பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கோட்டை நோக்கி ஓடினார். இரண்டு பக்கத்திலிருந்தும் இரண்டு பேர் வந்து அவரைத் தூக்கி அடித்தார்கள். எந்தத் தோள் முதலில் தரையைத் தொட்டது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. தகடு வைத்த தோள். அவர் எழுந்திருக்கவில்லை.

மற்றவர்கள் விலகினார்கள். பையோடு ஒருவர் ஓடி வந்து மண்டியிட்டார். கூட்டம் அடங்கியது. நான் படத்தில் பார்க்கிற எலும்பு அல்ல அது. சேற்றில் முகம் புதைந்து கிடக்கிற ஓர் ஆள். மாமாவின் பேச்சு நின்றிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். என் மணிக்கட்டை அவர் இறுக்கிப் பிடித்திருந்தார். பிடித்திருப்பது அவருக்கே தெரியவில்லை.

"எழுந்திருப்பா" என்றார் மெதுவாக. "எழுந்திரு, எழுந்திரு."

அத்தை மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது சுருண்டு விழுந்து, அப்படியே போனவள். மாமாதான் முதலில் பார்த்தார். ஊரில் காரியத்தின்போது பக்கத்து வீட்டுக்காரர்கள் சொன்னார்கள், தாங்கள் மேலே போகும்போது மைக் சார் பக்கத்தில் உட்கார்ந்து எழுந்திரு, எழுந்திரு என்று சொல்லிக்கொண்டே இருந்தார் என்று. நான் என் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

பீரோ முதலில் ஒரு காலை மடக்கினார். பிறகு மறு காலை. ஒரு கையைத் தொங்கவிட்டபடி எழுந்து நின்றார். தூக்குவதற்குப் படுக்கையோடு வந்தவர்களை வேண்டாம் என்று தலையாட்டி அனுப்பிவிட்டு, ஓரத்துக்குத் தானே நடந்து வந்தார். முகமெல்லாம் சேறு. கைதட்டல் அவர் கூடவே நடந்து வந்தது. மாமா நின்றுகொண்டு தட்டினார். அவர் கண்ணிலிருந்து வழிந்ததை மழை என்று வைத்துக்கொண்டோம், அவரும் நானும்.

ஆட்டம் முடிந்தபோது யார் ஜெயித்தது என்றே எங்களுக்குத் தெரியவில்லை. சுற்றியிருந்தவர்களின் முகத்தைப் பார்த்து, தோற்றது நாங்கள்தான் என்று புரிந்துகொண்டோம். கம்பளித் தொப்பி அம்மாள் கிளம்பும்போது மாமாவுடன் கை குலுக்கினாள். அவர் தொண்டை கட்டியிருந்தது. காற்று மட்டும்தான் வந்தது.

திரும்பும் பஸ்ஸுக்கு நீண்ட வரிசை. ஈரக் கோட்டுகளின் வாடை. மாமா எனக்குப் பின்னால் நின்று, கட்டிய குரலில் தானாகவே ஆரம்பித்தார்.

"உங்க அத்தைகிட்ட போன் கிடையாது அப்ப. எனக்கு டூட்டி முடியற நேரமும் நிச்சயமில்லை. பஸ் ஸ்டாண்டுக்கும் நம்ம வீட்டுக்கும் நடுவுல ரெண்டே தெரு. அதனால என்ன பண்ணுவேன், வீட்டுக்குக் கிளம்பப் போறேன்னா கடைசி அறிவிப்பை மூணு வாட்டி சொல்லுவேன். வழக்கமா ரெண்டு வாட்டிதான். மூணாவது வாட்டி கேட்டதும் அவ மாடிக்கு வந்து கொடியில ஒரு துண்டைப் போடுவா. என் ரூம் ஜன்னல்லேருந்து தெரியும். உலை வெச்சாச்சு, வாங்கன்னு அர்த்தம்."

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சண்டைன்னா துண்டு வராது. நானும் விட மாட்டேன். நாலாவது வாட்டி, அஞ்சாவது வாட்டின்னு சொல்லிக்கிட்டே இருப்பேன். ஜனங்க, இந்த பஸ்ஸுக்கு என்னவோ அவசரம் போலன்னு பையைத் தூக்கிட்டு ஓடும். டிரைவர் வந்து, சார், வண்டிதான் நிரம்பிடுச்சே, இன்னும் ஏன் கூப்பிடறீங்கன்னு கேட்பான்."

"அத்தை கடைசியில துண்டு போட்டுடுவாங்களா?"

"போடுவா. ஊர் சிரிக்கறதுக்கு முன்னாடி போட்டுடுவா."

பஸ் வந்து, ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும்போதும் அவர் சொல்லிக்கொண்டே வந்தார். அத்தை எதற்கெல்லாம் கோபிப்பாள், அவர் எப்படியெல்லாம் சமாதானம் செய்வார் என்று. எத்தனையோ வருஷம் ஒரே வீட்டில் அத்தையோடு புழங்கியிருக்கிறேன். அந்த அத்தையை எனக்குத் தெரியவே தெரியாது.

வீட்டுக்கு வந்து மணியடித்தோம். கணவர் கதவைத் திறந்தார். மீன் வாடையோடு, குளித்தும் குளிக்காததுமாக. "எப்படிப்பா இருந்துச்சு?" என்று கேட்டார்.

மாமா ஏதோ சொன்னார். ஒலி வரவில்லை.

"தொண்டைக்கு என்னாச்சு?"

"கத்தினார்" என்றேன் நான்.

"யாரு?"

"மாமாதான்."

அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நாங்கள் சேர்ந்து தன்னை ஏய்க்கிறோம் என்று நினைத்துவிட்டார். மாமா வெந்நீரில் உப்புப் போட்டுக் கொப்பளித்துவிட்டு வந்து, கையாலும் காலாலும் அந்த முட்டலையும் உதையையும் நடித்துக் காட்டினார். நான் பக்கத்தில் நின்று வசனம் சொன்னேன். கணவர் நம்பியும் நம்பாமலும் சிரித்தார். சாப்பாடு ஆறிப்போனது.

திங்கட்கிழமை பீரோ படம் எடுக்க வந்தார். தகடு பிழைத்திருந்தது, தசைதான் கிழிந்திருந்தது. "நான் ஏன் உடைச்சுக்கறேன்னு தெரிஞ்சுதா?" என்று கேட்டார்.

"தெரியலை. ஆனா எங்க வீட்டுல ஒருத்தருக்குத் தெரிஞ்ச மாதிரி இருக்கு."

நான் மாமாவைப் பற்றிச் சொன்னேன். அவர் பலகையில் படுத்திருந்தவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "அந்தக் குரலா! மைதானத்துக்குள்ள எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு. யாரோ கோவிச்சுக்கறாங்கன்னு நினைச்சோம்." போகும்போது, அடுத்த ஆட்டத்துக்குத் தன்னால் இறங்க முடியாது, ஆனால் டிக்கெட் தர முடியும் என்றார். எத்தனை வேண்டும் என்று கேட்டார். மூன்று என்றேன்.

அந்தச் சனிக்கிழமை கணவர் போனை அணைத்து வைத்துவிட்டு வந்தார். எனக்குத் தெரிந்து அவர் அப்படிச் செய்தது அன்றுதான். கம்பளித் தொப்பி அம்மாள் எங்களைத் தூரத்திலேயே பார்த்துக் கையசைத்தாள். ஆட்டம் தொடங்கியது. மகன் பக்கத்தில் இருக்கிற கூச்சத்தில் மாமா கொஞ்ச நேரம் வாயைத் திறக்கவில்லை. பிறகு எதிரணி ஆள் ஒருவன் பந்தைப் பிடிக்கப் போய்க் கோட்டை விட்டபோது தாங்காமல், "ஸ்டாப்புல நிறுத்தாம போறான் பாரு!" என்றார். அப்புறம் மினி பஸ், ஓவர்லோடு, மேல் பர்த்து எல்லாம் வரிசையாக வந்தன.

கணவர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று எழுந்து, "டீ வாங்கிட்டு வரேன்" என்று போனார். வெகு நேரம் வரவில்லை. நான் தேடிக்கொண்டு போனேன். படிக்கட்டுக்குக் கீழே, குப்பைத் தொட்டிகளுக்கு அருகே, சுவரைப் பார்த்து நின்று அழுதுகொண்டிருந்தார். மேலே கூட்டத்தின் இரைச்சல். அதையும் மீறி அங்கே வரைக்கும் மாமாவின் குரல் கேட்டது.

"சின்ன வயசுல கடைத்தெருவுல நடக்கும்போது இந்தக் குரல் கேட்டுக்கிட்டே இருக்கும்" என்றார். "எங்க அப்பாதான்னு எல்லார்கிட்டேயும் சொல்லுவேன். இனிமே கேக்காதுன்னு நினைச்சுட்டேன்."

என் மப்ளரால் அவர் முகத்தைத் துடைத்தேன். மூன்று டீ வாங்கினேன். நாங்கள் மேலே போனபோது மாமா அவர் முகத்தைப் பார்த்தார்.

"கண்ணு ஏன்டா சிவந்திருக்கு?"

"காத்துப்பா."

"ஆமா, இன்னிக்குக் காத்து ஜாஸ்திதான்" என்று சொல்லிவிட்டு, மாமா ஓர் இருக்கை நகர்ந்து உட்கார்ந்து, மகனை எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார வைத்தார்.

அந்தக் குளிர்காலம் முழுக்க ஒரு சனிக்கிழமைகூட நாங்கள் விடவில்லை. பீரோ சில நாள் ஆடினார், பல நாள் கட்டுப் போட்டுக்கொண்டு ஓரத்தில் நின்றார். சட்டதிட்டங்களை நாங்கள் கடைசி வரை கற்றுக்கொள்ளவில்லை. கம்பளித் தொப்பி அம்மாள் சொல்லிக்கொடுக்கப் பார்த்துக் களைத்துப்போய், மாமா சொல்வதையே கேட்கிறேன் என்று விட்டுவிட்டாள். வெயில் வந்தது, விசா முடிந்தது, மாமா ஊருக்குத் திரும்பினார். அதற்குள் மாற்றலாகி ஊருக்கே வந்துவிட்ட பெரிய மகன் வீட்டில் இருந்துகொண்டு, மனசில் தோன்றியபோதெல்லாம் நடந்து போய் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து வருவாராம். பிறகு ஏழெட்டு வருஷம், போய்ச் சேரும் வரை, நன்றாகவே இருந்தார். போனில் என்னோடு பேசிய பிறகுதான் போன் என் கணவர் கைக்குப் போகும்.

இப்போது நாங்கள் வேறு ஊரில் இருக்கிறோம். இங்கே ரக்பி கிடையாது. கணவர் முதலாளியாகிவிட்டார், கருவிப் பெட்டியை வேறு ஆட்கள் தூக்குகிறார்கள். நான் எக்ஸ்ரே அறையை விட்டு ஆபீஸ் நாற்காலிக்கு வந்துவிட்டேன். சனிக்கிழமை மத்தியானம் சாப்பிட்டு முடித்துக் கை கழுவும் நேரம், எங்கள் இரண்டு பேருக்கும் எங்கேயோ கிளம்ப வேண்டும் போலிருக்கும். கொஞ்ச நேரம் ஆளுக்கொரு பக்கம் வீட்டுக்குள் நடப்போம். பிறகு கணவர் ஜன்னலைத் திறந்து வெளியே எட்டிப் பார்த்துவிட்டு, "மழை வர்ற மாதிரி இருக்கு" என்பார். நான் போய்க் கொடியிலிருந்து துணியை எடுப்பேன்.